கடதாசிப் பிறந்தநாள்

வாங்கோ பிள்ளை, வாங்கோ. சப்பாத்தை அதிலை கழட்டுங்கோ. போட்டுக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, இப்ப இஞ்சை ஆர் கூட்டித் துடைக்கிறது? நீங்கள்தானே மொழிபெயர்க்கிற பிள்ளை? இந்தமுறை ஆளையே அனுப்பியிருக்கினம், நல்லது. நேர்ஸ் வரேல்லையோ? றோட்டிலை வாகன நெரிசலாமோ? அரை மணித்தியாலம் செல்லுமாமோ? செல்லட்டும், எனக்கென்ன அவசரம். இருங்கோ. இல்லையில்லை, அதிலை வேண்டாம், இஞ்சாலை இந்தக் கதிரையிலை இருங்கோ. அது என்ரை மனுசி திலகத்தின்ரை.

என்ன? நேர்ஸ் வருமட்டும் என்னோடை கதைக்கக் கூடாதோ? சட்டமோ? அட கோதாரி. சரி, நீங்கள் கதைக்க வேண்டாம், நான் கதைக்கிறன். கேக்கக் கூடாதெண்டு சட்டத்திலை இல்லைத்தானே. எவடம் நீங்கள்? சிரிக்கிறியள். அதுவும் சொல்லக் கூடாதாக்கும். எவடமெண்டு கேட்டது விளங்கி ஒரு சிரிப்புச் சிரிச்சியள் பாருங்கோ, எனக்கு அது போதும். போனமுறை வந்தவருக்கு அதுவும் விளங்கேல்லை.

வந்தவரெண்டு சொல்லுறன், அவர் எங்கை வந்தவர். போனுக்குள்ளை ஒரு குரல். நேர்ஸ் போனை உந்த மேசையிலை வைச்சா. அதுக்குள்ளையிருந்து, "வணக்கம் சார், நல்லாயிருக்கீங்களா" எண்டுது. நல்ல மனுசன், குறை சொல்லக் கூடாது. இந்தியாத் தமிழர். அவர் கதைக்கிறது எனக்கு முழுக்க விளங்கும், நாங்கள் படம் பார்த்து வளர்ந்த ஆக்கள். நான் கதைக்கிறது அவருக்குப் பாதிதான். நேர்ஸ் ஒரு படத்தைக் காட்டி, இது என்னெண்டு கேட்டா. நான் "கதிரை" எண்டன். பேந்து, "கதிரா சார்? நெல்லுக் கதிரா?" எண்டு கேக்கிறார். அவருக்குப் படம் தெரியாதுதானே. "இல்லைத் தம்பி, கதிரை, கதிரை! இருக்கிற கதிரை!" எண்டு கத்தினன். அவர் இங்கிலீசிலை என்னத்தைச் சொன்னாரோ, நேர்ஸ் குனிஞ்சு எழுதினா. அடுத்த படம் சவர்க்காரம். "சர்க்கரையா சார்?" எண்டார். சோப்பெண்டு சொல்லியிருக்கலாம். வாயிலை வரேல்லை. கோபம் வந்தால் எனக்கு இங்கிலீசும் வராது, தமிழும் வராது. முப்பத்தேழு வருசம் இந்த நாட்டிலை இருந்துபோட்டு, குந்தியிருக்கிற கதிரைக்குப் பேர் தெரியாதவன் எண்டு எழுதுப்பட்டுப் போனன்.

அதைக்கூடப் பொறுப்பன் பிள்ளை. மற்றதுதான் பொறுக்க ஏலாது.

அண்டைக்கு என்ன நாள் தெரியுமோ? செப்ரெம்பர் நாலு, வியாழக்கிழமை. இதை நான் நேர்ஸுக்கும் வடிவாச் சொன்னனான். இண்டைக்கு என்ன திகதியெண்டு கேட்டா, சொன்னன். கிழமை, சொன்னன். எந்த ஊர், எத்தினையாம் மாடி, எல்லாம் டக்கு டக்கெண்டு சொன்னன். பிறகு, உங்கடை பிறந்த திகதி எதெண்டு கேட்டா. நான் சிரிச்சன். வாய் சும்மா இருக்குமே? அண்டைக்குத்தான் எனக்கு எண்பது வயசு. காலமை தொடக்கம் ஒருதரும் போன் எடுக்கேல்லை. திலகம் போனபிறகு வந்த முதல் பிறந்தநாள். பச்சைத் தண்ணியோடை குந்தியிருக்கிறன். அந்த நேரம் பார்த்து வாசல்லை வந்து ஒரு மனுசி, உன்ரை பிறந்தநாள் எப்ப எண்டு கேக்கிறா. "இண்டைக்குத்தான் பிள்ளை! இண்டைக்கு எனக்கு எண்பது!" எண்டன்.

நேர்ஸ் கடதாசியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. கடதாசியிலை கிடக்கிறது பெப்ரவரி பதினொண்டு, நாற்பத்திமூண்டாம் ஆண்டு. அதின்படி எனக்கு எண்பத்திரண்டு. அவ என்ரை கையிலை மெல்லத் தட்டி, "இட்ஸ் ஓகே" எண்டா. சின்னப் பிள்ளை காற்சட்டையோடை மூத்திரம் பெய்தால் சொல்லுவினமே, அந்த ஓகே. கன்னத்திலை ரெண்டு போட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு நொந்திராது.

பொய்யில்லைப் பிள்ளை, ரெண்டும் மெய். எனக்கு முந்தி அம்மாவுக்கு ஒரு பொடியன் பிறந்தவன். குலசேகரம் எண்டு பேர் வைச்சு, அப்பு கந்தோரிலை பதிஞ்சும் போட்டார். அவன் நாலு மாசத்திலை காய்ச்சல் கண்டு போயிட்டான். அவன் செத்ததை அப்பு பதியேல்லை. ரெண்டரை வருசத்தாலை நான். எனக்கும் அதே பேரை வைச்சார். பேர் இருக்கு, கடதாசி இருக்கு, பிறகேன் இன்னொருக்கா அலையிறதெண்டு விட்டிட்டார் மனுசன். அப்படித்தான் நான் அண்ணன்ரை கடதாசியிலை பள்ளிக்கூடம் போனன், அவன்ரை கடதாசியிலை உத்தியோகம் பார்த்தன், அவன்ரை கடதாசியிலை கடல் தாண்டி இஞ்சை வந்தன். பள்ளிக்கூடத்திலை என்னைப் பார்த்து, வயசுக்கு வளர்த்தி காணாதெண்டு வாத்தியார் சொல்லுவார். எப்பிடிக் காணும்? அது அவன்ரை வயசு.

இதை நான் போன்காரருக்கு விளங்கப்படுத்தினன். பத்து நிமிசம் தொண்டை கிழியக் கத்தினன். "செத்துப்போனது அண்ணன், கடதாசி அவன்ரை, ஆள் நான்" எண்டன். அவர் நேர்ஸுக்குச் சொன்னது எனக்கு விளங்கிச்சுது, அந்தளவு இங்கிலீசு எனக்கிருக்கு. தான் செத்துப்போன அண்ணனாம் எண்டு சொல்லுறார், எண்டு சொன்னார். அவ பேனையை மூடி வைச்சா.

சிரியுங்கோ, சிரியுங்கோ. திலகம் இருந்திருந்தால் அவவும் சிரிச்சிருப்பா.

அவ இருந்திருந்தால் இந்த ஆய்க்கினையே வந்திராது. சோறு வடிக்கப்போய்ச் சட்டி எரிஞ்சு, கட்டடம் முழுக்க மணியடிச்சு, தீயணைக்கிறவன் வந்து, அதுக்குப் பிறகுதானே இந்த ஞாபகச் சோதினையே வந்தது. எனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது, அது மெய். எண்பது வயசு மட்டும் தெரியாததை, மறந்துபோச்சுதெண்டு சொல்லலாமோ? தெரியாததும் மறந்ததும் ஒண்டோ? நீங்களே சொல்லுங்கோ. ஓ, உங்களுக்குச் சட்டம்.

எனக்கு அறளை பேரேல்லைப் பிள்ளை, புத்தி தடுமாறேல்லை. நான் தபால் கந்தோரிலை இருந்தவன். பதினேழு வருசம். காலமை கந்தோரைத் திறந்து முதல் வேலை, முத்திரை குத்திற கட்டையிலை திகதியை மாத்திறது. மற்ற இடங்களிலை நேற்றையான் திகதியோடை மத்தியானம் மட்டும் குத்துவினம். என்ரை கையாலை பிழைச்ச திகதி ஒண்டும் விழுந்ததில்லை. உறையைத் தூக்கிப் பார்த்தால் எந்த ஒழுங்கை, எத்தினையாம் படலை எண்டு சொல்லுவன். ஊரிலை ஆரின்ரை பொடியன் எந்த நாட்டிலையிருந்து எத்தினை நாளைக்கு ஒருக்காக் கடிதம் போடுறான், ஆர் போடாமல் விட்டிட்டான், எல்லாம் எனக்குத் தெரியும். இப்பவும் கேளுங்கோ, சொல்லுறன்.

அதாலை இந்தமுறை நான் ஆயத்தம். பெப்ரவரி பதினொண்டு, ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திமூண்டு. மூண்டு கிழமையாத் தேவாரம் பாடமாக்கிற மாதிரிக் காலமையும் பின்னேரமும் சொல்லுறன். கதிரைக்கு "செயார்". சவர்க்காரத்துக்கு "சோப்". உண்மையைச் சொன்னால் அறளை, பொய்யைப் பாடமாக்கிச் சொன்னால் புத்தி தெளிவு. அதுதான் இவையின்ரை கணக்கு.

ஏனெண்டால் இந்தமுறையும் பிழைச்சால் முடிஞ்சுது. கல்கரியிலை இருக்கிற மகன் அங்கை ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைச்சிருக்கிறான். பிரதீபன், ஒரே பிள்ளை. பிளேனிலை நாலு மணித்தியாலம். நல்லவன், குறை சொல்ல ஏலாது, தன்ரை பாடு அவனுக்கு. "அப்பா, உங்களைத் தனிய விட்டிட்டு எனக்கு நித்திரை இல்லை" எண்டு போனிலை அழுகிறான். அறையைப் படமெடுத்து அனுப்பினவன். வடிவான அறைதான். ஒரு கட்டில், ஒரு யன்னல், ஒரு அலுமாரி. தமிழாள் ஒருதருமில்லை. கதிரையெண்டு சொல்ல ஏலாத இடத்திலை, நான் என்னத்தைச் சொல்லிச் சாகிறது பிள்ளை?

இந்த வீட்டிலை ஒண்டுமில்லைத்தான். பாருங்கோ, ஒரு சோபா, ஒரு ரீவி. ஆனால் அவ புழங்கின இடம். குசினிக்குள்ளை எந்தப் போத்திலைத் திறந்தாலும் அவவின்ரை கை மணக்குது. அதை விட்டிட்டு வாவெண்டால் நான் எப்பிடிப் போறது? போகமாட்டன். போனால் ஒரு மாசத்திலை செத்துப்போவன், அது எனக்குத் தெரியும்.

அந்தப் படத்தையோ பாக்கிறியள்? ஓம், அவதான். திலகவதி. அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அடிச்ச படம், மகன்தான் கண்ணாடி போட்டுக் கொழுவினவன். மலர்வு 01-01-1950, உதிர்வு 19-03-2025. சனவரி ஒண்டெண்டதும் சிரிப்பு வருதென்ன? எங்கடை சனத்திலை பாதி சனவரி ஒண்டிலைதானே பிறந்தது! இந்தக் கட்டடத்திலையே ஏழு பேர். புதுவருசத்தண்டு உலகம் முழுக்க வெடி கொளுத்திக் கொண்டாடுது, எங்கடை பெண்டுகளின்ரை பிறந்தநாளுக்கெண்டு நாங்கள் பகிடி விடுறனாங்கள்.

அவவெல்லோ என்ரை நாளை ஞாபகம் வைச்சிருந்தது. வேறை ஆர்? கலியாணத்துக்குப் பொருத்தம் பார்க்கச் சாதகம் மாத்தினவையெல்லோ, அதிலை பார்த்துப் பாடமாக்கினவவாம். ஆவணி பத்தொன்பது, ஆயிலியம். பிறகு சாதகக் கட்டு சண்டைக்கை ஊரைவிட்டு ஓடேக்கை பெட்டியோடை போச்சு. அதோடை எழுத்திலை இருந்தது போச்சு, அவவின்ரை தலைக்குள்ளை இருந்தது மட்டும் மிச்சம். செப்ரெம்பர் நாலு காலமை எழும்பினால் குசினியிலை பால் கொதிக்கும். சவ்வரிசிப் பாயாசம். ஐம்பத்தொரு வருசத்திலை, நான் முதல் இஞ்சை வந்து தனிய இருந்த மூண்டு வருசமும் போக, ஒருக்காலும் தவறினதில்லை. அந்த மூண்டு வருசமும்கூட ஊரிலை காய்ச்சி அயலட்டைக்குக் குடுத்தவவாம். சீனி கூடிப்போச்சு, கசுக்கொட்டை கருகிப்போச்சு எண்டு நான் ஏதேனும் நொட்டை சொல்லிக்கொண்டுதான் குடிப்பன். ஆனால் குடிப்பன். பிறகு பிரதீபனுக்குப் போன் எடுத்து, "அப்பாவோடை கதை" எண்டு எனக்குத் தருவா. அவனும் கதைப்பான்.

போன சோதினைக்குப் பிறகு அவனுக்கு எல்லாம் விபரமாச் சொன்னன். அவன் என்ன சொன்னான் தெரியுமோ? "அப்பா, உங்கடை பாஸ்போட்டிலை பெப்ரவரிதானே. செப்ரெம்பரிலை அம்மா காய்ச்சிற பாயாசம் ஏதோ விரதமாக்கும் எண்டு நினைச்சிருந்தன்." விரதம்! தகப்பன்ரை பிறந்தநாள் மகனுக்கு விரதம். தகப்பன் எண்டைக்குப் பிறந்தவன் எண்டு ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமோ? எண்டைக்காவது ஒருநாள் வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதோ? ஒரே வீட்டிலை இருந்து, ஒரே சட்டியிலை திண்டுபோட்டு! எனக்கு வந்த விசரிலை போனை வைச்சிட்டன்.

போனை வைச்சாப் பிறகுதான்... சரி விடுங்கோ. அதை விடுங்கோ. தண்ணி வேணுமோ? தேத்தண்ணி போட எனக்குப் பயமாக் கிடக்கு, திரும்பவும் மணியடிச்சால் சோதினையே தேவையில்லை.

என்ன, ஏன் என்னை உப்பிடிப் பாக்கிறியள்? நீங்கள் ஒண்டும் கேக்கேல்லைத்தான். ஆனால் நீங்கள் கேக்காமல் இருக்கிறது, கேக்கிறதிலும் பார்க்கக் கரைச்சலாக் கிடக்கு.

சரி, சொல்லுறன். அந்தச் சனவரி ஒண்டு இருக்கே, அது நான் எழுதினது.

எண்பத்தொன்பதிலை அவவையும் பிள்ளையையும் இஞ்சை கூப்பிட மனுப் போடப் போனன். லோயரின்ரை கந்தோரிலை எங்கடை தம்பி ஒருவன்தான் போம் நிரப்பினவன். மனுசியின்ரை பேர்? திலகவதி. பிறந்த திகதி? நான் முழிச்சன். எனக்கு அஞ்சு வயசு இளையவ எண்டு தெரியும், அப்ப ஐம்பதாம் ஆண்டு. மாசம் தெரியாது. நாள் தெரியாது. அவவின்ரை சாதகத்தை நான் ஒருநாளும் விரிச்சுப் பார்த்ததில்லை. பதினாறு வருசம் குடும்பம் நடத்தினவன் பிள்ளை நான்! "ஊரிலை கேட்டெழுதிப்போட்டு வாங்கோவன் அண்ணை" எண்டான் அவன். கடிதம் போய்வர மூண்டு மாசம், அங்கை ஷெல்லடி, ஒரு நாள் பிந்தினால் என்ன நடக்குமோ தெரியாது. அதுதான் காரணம் எண்டு கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். கிழமைக்கு ஒரு கடிதம் போட்டவன்தானே? அதுக்கு முந்தி ஒண்டிலை ஒரு வரி கேட்டிருக்கலாம். கேக்க வெக்கம். உன்ரை பிறந்தநாள் எப்பவெண்டு கட்டின மனுசியிட்டை எழுதிக் கேக்கிறதே? "சனவரி ஒண்டு எண்டு போடு" எண்டன். அவன் போட்டான்.

அவ்வளவுதான். பிறகு வந்த கடதாசி முழுக்க அதைப் பார்த்தே எழுதினது. அவவின்ரை பிறப்புப் பதிவு இருந்த கந்தோரும் எரிஞ்சுபோச்சு. தொண்ணூற்றொண்டிலை பிள்ளையோடை வந்திறங்கேக்கை, விமான நிலையத்திலை திகதி கேட்டவையாம். நான் எழுதினதை வழி நெடுகப் பாடமாக்கிக்கொண்டு வந்து சனவரி ஒண்டெண்டு சொன்னவவாம். வந்த அண்டைக்கு என்னட்டைச் சொல்லிச் சிரிச்சா. "நல்ல நாளாப் பார்த்துத்தான் போட்டிருக்கிறியள்" எண்டா. நானும் சிரிச்சன். இப்ப நான் பாடமாக்கிறன், அவ இல்லை.

இன்னொண்டும் இருக்கு. ஒரு புதுவருசத்தண்டு பிரதீபன் கேக் வாங்கி வந்து வெட்டி, பாட்டும் பாடிப்போட்டுப் போயிட்டான். நான் உதிலை இருந்து ரீவியிலை செய்தி பாக்கிறன். அவ குசினியிலை கோப்பை கழுவிக்கொண்டு, "நான் சனவரியிலை பிறக்கேல்லையப்பா" எண்டா. சத்தமாச் சொல்லேல்லை. நான் என்ன சொன்னன்? "சரி, இப்ப ஆர் உதைப் பாக்கினம்" எண்டன். செய்தி கேக்கேல்லையெண்டு சத்தத்தைக் கூட்டினன். "ஓம், அதுவும் சரிதான்" எண்டு சொல்லிப்போட்டு அவ மற்றக் கோப்பையைக் கழுவினா. "அப்ப எப்ப?" எண்டு நான் கேட்டிருக்கோணும். ரெண்டு சொல்லு பிள்ளை. சொல்லத்தானே நிண்டவ. ரெண்டு சொல்லுக் கேக்கேல்லை நான்.

அவ செத்தாப் பிறகு, நினைவுக் கல்லிலை என்ன போடுறதெண்டு கேட்டினம். திரும்பவும் முழிச்சன். திரும்பவும் சனவரி ஒண்டு. வைகாசியிலை கல்லு நட்டாச்சு, வாங்கோ எண்டு போன் வந்து போனன். கறுப்புக் கல்லு, வெள்ளை எழுத்து. லோயரின்ரை கந்தோரிலை ஒரு நிமிசத்திலை வாயிலை வந்ததைச் சொன்னன், அது இப்ப கல்லிலை வெட்டிக் கிடக்கு. நான் குனிஞ்சு அந்தத் திகதியைக் கையாலை மறைச்சன். நான் அழுகிறன் எண்டு நினைச்சு மகன் பிடிச்சுக்கொண்டான். நான் அழேல்லை, வெக்கத்திலை மறைச்சனான்.

அதுக்குப் பிறகு தேடினன், தேடாமல் இல்லை. உந்த மேசை லாச்சி முழுக்கக் கலண்டர். தமிழ்க்கடையளிலை வருசா வருசம் தாறது, ஒண்டையும் எறியமாட்டா. இருபத்தெட்டுக் கலண்டர். ஒவ்வொரு பக்கமாப் புரட்டினன். எல்லாத்திலையும் செப்ரெம்பர் நாலிலை ஒரு வட்டம் போட்டு "இவர்" எண்டு எழுதியிருக்கிறா. பிரதீபன்ரை நாளிலை "தம்பி". அவவின்ரை அம்மா, அப்பாவின்ரை திவசம், என்ரை அம்மா, அப்புவின்ரை திவசம், என்ரை டொக்ரர், என்ரை கண், என்ரை பல்லு. அவவுக்கெண்டு ஒரு வட்டம் இல்லை. இருபத்தெட்டு வருசத்திலை ஒண்டு இல்லைப் பிள்ளை.

அவவின்ரை கூடப்பிறந்தவை ஒருதரும் இல்லை. ஊரிலை ஒரு சின்னம்மா மட்டும் மிச்சம், தொண்ணூறு தாண்டிட்டுது. போன் எடுத்துக் கேட்டன். "மாரி தம்பி. கிணறு முட்டி வழிஞ்ச நேரம்" எண்டா. திகதி தெரியுமோ ஆச்சி எண்டன். "திகதி ஆர் தம்பி ஞாபகம் வைச்சிருந்தது, பொம்பிளைப் பிள்ளைதானே" எண்டா. மாரி. ஐப்பசியா, கார்த்திகையா, மார்கழியா? கிடைச்சது அவ்வளவும்தான். இனி அதைத் தெரிஞ்சவை உலகத்திலை ஒருதருமில்லை. ஊர்ச்சனத்தின்ரை கடிதத்துக்கெல்லாம் பிழையில்லாமல் திகதி குத்தினவன் நான். என்ரை வீட்டுக்குள்ளை குத்தினது பிழை.

ஆ, கதவு தட்டுப்படுது. வந்திட்டா. இருங்கோ, நான் திறக்கிறன். எனக்குக் கதவு திறக்கத் தெரியும்.

ஹலோ, ஹலோ. கம், கம். சிற்.

தொடங்கட்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் ரெடி.

இண்டைக்கு வியாழக்கிழமை. செப்ரெம்பர் இருபத்தைஞ்சு. ஓம், இருபத்தைஞ்சுதான். ஸ்காபரோ. ஒன்பதாம் மாடி.

அது "செயார்". பாருங்கோ, என்ன மாதிரிச் சிரிக்கிறா. "சோப்". இது ஒட்டகம், இதுக்கு என்னத்துக்குப் படம்.

மணிக்கூடு கீறோணுமோ? தாங்கோ. பதினொண்டு பத்து. சின்ன முள்ளு இஞ்சை, பெரிய முள்ளு இஞ்சை. கை நடுங்கிறது வயசுக்கு, அதையும் சொல்லுங்கோ.

என்ரை பிறந்த திகதியோ? பெப்ரவரி பதினொண்டு, ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திமூண்டு. எண்பத்திரண்டு வயசு. சொல்லிப்போட்டன், முடிஞ்சுது. அண்ணை குறை நினைக்கமாட்டார், நாலு மாசப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஐயோ, இதை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

நல்லாய்ச் செய்யிறனாமோ? தாங்யூ. இன்னும் ரெண்டு கேள்விதானோ? கேக்கட்டும்.

மனுசியின்ரை பேர் திலகவதி. திலகவதி குலசேகரம்.

என்ன பிள்ளை, ஏன் நிப்பாட்டிறியள்? நேர்ஸ் கேட்டிட்டா. எனக்கும் விளங்கிச்சுது, "பேர்த் டேற்" எண்டது இங்கிலீசு தெரியாதவனுக்கும் விளங்கும். நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ, தமிழிலை கேளுங்கோ என்னட்டை.

ம். மனுசியின்ரை பிறந்த திகதி.

சுவரைப் பார்க்காதேங்கோ பிள்ளை. அதிலை கிடக்கிறது எனக்குத் தெரியும், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருக்கிறன். வாசிச்சால் நேர்ஸ் சரி போடுவா. சரி போட்டால் நான் இந்த வீட்டிலை இருக்கலாம். எல்லாம் விளங்குது, எனக்கு அறளை பேரேல்லையெண்டு சொன்னன்தானே. ஆனால் அது நான் போட்டது. அது திலகம் பிறந்த நாள் இல்லை. போமிலை ஒருக்கா எழுதினன், கல்லிலை ஒருக்கா வெட்டுவிச்சன். மூண்டாந்தரமும் அவவின்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயாலை சொல்ல என்னாலை ஏலாது. என்ரையைச் சொல்லிப்போட்டன். அவவின்ரையைச் சொல்லமாட்டன்.

ஓம், கனநேரம் யோசிக்கிறன் எண்டுதானே நேர்ஸ் மணிக்கூட்டைப் பாக்கிறா. பாக்கட்டும்.

இல்லை, நான் உங்களுக்குச் சொன்ன கதை ஒண்டையும் அவவுக்குச் சொல்லாதேங்கோ. நீங்கள் என்னோடை கதைக்கவே கூடாதெண்டு சட்டம்தானே? அப்ப உங்களுக்கு ஒண்டும் தெரியாது. நான் இப்ப சொல்லுறதை மட்டும் இங்கிலீசிலை மாத்துங்கோ, வேறை ஒண்டும் வேண்டாம்.

தெரியாதாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை, உங்களைக் கும்பிட்டன். ஐம்பத்தொரு வருசம் ஒண்டா இருந்தவன் அவவின்ரை நாளைத் தெரியாமலே இருந்தானெண்டு ஒரு கடதாசியிலை எழுதுப்படக் கூடாது.

மறந்துபோச்சாம் எண்டு சொல்லுங்கோ. தெரிஞ்சிருந்ததாம், இப்ப மறந்துபோச்சாம் எண்டு சொல்லுங்கோ.

எழுதுறாவோ? எழுதட்டும்.